டர்போ என்ஜினை டியூன் செய்யும்போது எக்ஸாஸ்ட் வெப்பநிலையை ஏன் பார்க்க வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் டர்போ டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் தேவலை என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போவதென்றால் சூளகிரி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மாங்காய்க் கூடையோ தக்காளிப் பெட்டியோ ஏற்றிய பிக்கப் வண்டி அந்த ஏற்றத்தில் முனகும்போது, பழைய வண்டியாக இருந்தால் டீசல் பம்பைக் கூட்டி வைக்கச் சொல்வதும், புதிய வண்டியாக இருந்தால் இசியூவை (என்ஜினை இயக்கும் கணினியை) ரீமேப் செய்வதும், அதாவது அதன் அமைப்புகளை மாற்றி எழுதுவதும், டியூனிங் பாக்ஸ் மாட்டுவதும் வழக்கமாகிவிட்டன. வழி எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் முன்பைவிட அதிக டீசல் போகிறது. அந்தக் கூடுதல் டீசலுக்கு ஏற்ற காற்றும் போகிறதா, அதனால் எழும் சூட்டை என்ஜின் தாங்குகிறதா என்பதை உடனுக்குடன் சொல்லும் கருவி எக்ஸாஸ்ட் (வெளியேறும் புகை) வெப்பநிலை மீட்டர். கடைகளில் இதை இ.ஜி.டி. மீட்டர் என்று கேட்டால் கிடைக்கும்.

டேஷ்போர்டில் ஏற்கெனவே ஒரு டெம்பரேச்சர் முள் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை மட்டுமே. சிலிண்டருக்குள் எரியும் சூடு பிஸ்டன், லைனர், ஹெட் ஆகியவற்றைக் கடந்து தண்ணீரைச் சேர்வதற்கு நேரமாகும். தண்ணீரின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் சேர்ந்து ஒரே நிலையில் நிறுத்த முயன்றுகொண்டும் இருக்கும். அதனால் தண்ணீர் முள் நடுவிலேயே நிற்கும்போது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் குழாய்) இருட்டில் செந்நிறமாகத் தெரியும் அளவுக்குச் சூடாகியிருக்க முடியும். இரண்டும் வேறு வேறு செய்திகள்.

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாகவே வெளியேறிவிடுகிறது. வீணாகும் அந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிறிய வண்டிகளின் டர்போத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அவ்வளவு வேகத்தில், பழுக்கக் காய்ச்சிய வாயுவின் நடுவே சுழலும் சக்கரம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த வாயுவின் சூடு ஏன் கணக்கில் வர வேண்டும் என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கும்.

டீசலும் பெட்ரோலும் எதிரெதிர் திசையில்

தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். டீசல் என்ஜினில் காற்று எப்போதும் தேவைக்கு மேல் இருக்கும். ஒரு பங்கு டீசல் முழுமையாக எரிய எடை அளவில் ஏறத்தாழ 14.5 பங்கு காற்று போதும் என்றாலும், ஐடிலிங்கில் அதைப் போலப் பல மடங்கு காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் காற்று அந்த அளவுக்குக் கூடாமல் டீசல் கூடுகிறது. விகிதம் இருபதுக்கு ஒன்று என்ற அளவை நெருங்கிக் கீழே இறங்கும்போது கரும்புகை வரத் தொடங்குகிறது. அதாவது டீசலில் எரிபொருள் கூடினால் சூடு கூடும், காற்று கூடினால் சூடு குறையும். கணக்கு நேரானது.

பெட்ரோலில் அப்படி இல்லை. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தின் அருகில்தான் எக்ஸாஸ்ட் வெப்பநிலை உச்சத்தில் இருக்கும். அதிலிருந்து பெட்ரோலைக் கூட்டினால் சூடு இறங்கும், ஏனென்றால் எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் பெட்ரோல் டர்போ வண்டிகளை முழு பூஸ்டில், அதாவது டர்போ தரும் முழுக் காற்றழுத்தத்தில், 11.5 முதல் 12.5 வரையிலான விகிதத்தில் ஓடும்படி டியூன் செய்கிறார்கள். டீசல் வண்டிக்குச் சொன்ன அறிவுரையைப் பெட்ரோல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்குச் சொன்னதை டீசலுக்கும் மாற்றிப் பொருத்துகிறவர் என்ஜினைக் கெடுப்பது உறுதி. இந்த மாவட்டங்களில் டியூன் செய்யப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் என்பதால், இனி வருவன எல்லாம், தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய, டீசலுக்கு உரியவை.

எத்தனை டிகிரி?

மீட்டரை வாங்கியதும் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. ஐடிலிங்கில் 100 முதல் 200 டிகிரி செல்சியஸ், சமதளத்தில் சீரான வேகத்தில் 300 முதல் 400 வரை என்பது சாதாரணம். பளுவோடு ஏற்றத்தில் ஏறும்போது, டர்போவுக்கு முன்னால் அளந்தால், தொடர்ந்து 680, 700 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது என்பது டீசல் டியூனிங் செய்பவர்கள் நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கும் விதி. புதிய காமன்ரெயில் வண்டிகளில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வண்டிகளில்) சில இதைவிட நூறு டிகிரி கூடுதலாகவும் தாங்கும்படி கம்பெனியிலேயே வடிவமைக்கப்பட்டவை; ஆனால் எந்த வண்டி அத்தகையது என்பது உறுதியாகத் தெரியாத நிலையில் பழைய விதியைப் பின்பற்றுவதே நல்லது. பெட்ரோல் டர்போக்களில் 850, 900, சிலவற்றில் 950 டிகிரிகூட இயல்பான அளவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர்களின் வீடியோக்களில் 1,250 டிகிரி வரை கவலையில்லை என்று சொல்லக் கேட்கலாம். அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் அது 677 டிகிரிதான். மீட்டர் எந்த அலகில் காட்டுகிறது என்பதைப் பார்க்காமல் அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால், முள் அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே என்ஜின் நின்றுவிடும்.

பிஸ்டன் வார்க்கப்படும் அலுமினியம்–சிலிக்கான் கலவை 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும் என்னும்போது, 700 டிகிரி வாயுவை அது எப்படித் தாங்குகிறது? சுடரின் ஊடாக விரலை விரைந்து எடுத்தால் சுடுவதில்லை, நிறுத்தினால் சுடும். பிஸ்டனின் நிலையும் அதுவே. சூடான வாயு அதைத் தொடுவது ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது நேரம்தான். இடையிடையே புதுக்காற்று வந்து குளிர்விக்கிறது, அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அடிக்கப்படுகிறது, சூடு ரிங்குகள் வழியாக லைனருக்கும் தண்ணீருக்கும் இறங்குகிறது. சூடு வரும் வேகமும் போகும் வேகமும் சமமாக இருக்கும்வரை பிஸ்டனுக்குக் கேடில்லை. டியூன் செய்து டீசலைக் கூட்டுவது இந்தச் சமநிலையில் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றுவதாகும். சமநிலை கெட்டாலும் உடனே எதுவும் ஆவதில்லை. பல நிமிடங்களுக்குத் தொடர்ந்தால்தான் பிஸ்டன் தலையில் ஓட்டையோ, ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே கிராக்கோ, மேனிஃபோல்டில் வெடிப்போ விழுகிறது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அது கால அளவாக இருக்கட்டும். டியூனிங் செய்த பிறகு பைபாஸில் பத்து விநாடி முழு ஆக்ஸிலரேட்டரில் விரட்டிப் பார்த்துவிட்டு, மீட்டர் 600-ஐத் தாண்டவில்லை, எல்லாம் சரி என்று சொல்லிக் கையில் சாவியைக் கொடுப்பது சோதனையே ஆகாது. அந்தப் பத்து விநாடியில் மேனிஃபோல்டின் இரும்பும் டர்போவின் கூடும் இன்னும் முழுமையாகச் சூடேறியிருக்காது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் முன்பிருந்த குளிர்ச்சியிலேயே சமாளித்திருக்கும். உண்மையான சோதனை தொப்பூர் ஏற்றம். வழக்கமாக ஏற்றும் பளுவை ஏற்றிக்கொண்டு, வெயில் நேரத்தில், சேலத்துப் பக்கமிருந்து தருமபுரியை நோக்கி ஏறினால்தான் எண் எங்கே போய் நிலைகொள்கிறது என்பது தெரியும். நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் அந்த டியூன் இந்த வண்டிக்கு உரியதல்ல.

ஏற்றத்தில் முள் எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பிக்கப் வண்டி நான்காம் கியரில் 1,600 ஆர்.பி.எம்.மில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முள் 560-இல் தொடங்கி 620, 660 என்று படிப்படியாக ஏறுகிறது. ஓட்டுநர் வேகம் குறைகிறதே என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துகிறார், 700. வண்டியின் வேகம் கூடவில்லை, சூடு மட்டும் கூடுகிறது. இப்போது மூன்றாம் கியருக்கு இறக்கினால் ஆர்.பி.எம். 2,400-ஐ ஒட்டிப் போகும். என்ஜின் ஒவ்வொரு நிமிடமும் உள்ளிழுக்கும் காற்று கூடும், டர்போவும் நன்றாகச் சுழலத் தொடங்கும். அதே இழுவைக்கு ஒவ்வொரு முறை பீய்ச்சும்போதும் தேவைப்படும் டீசல் குறையும். கால் நிமிடத்தில் முள் 600-ஐ நோக்கி இறங்குவதைக் காணலாம். கியரைக் குறைத்தால் என்ஜின் கத்துகிறது, அதனால் கெடுதல் என்று நம்பி உயர் கியரிலேயே திணறத் திணற ஏற்றுவது நம் சாலைகளில் பரவலான பழக்கம். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே மீட்டருக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்துவிடும் என்பது என் கருத்து.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

அளக்கும் முனை ஒரு தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும் என்று 1821-இல் சீபெக் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. வண்டிகளில் பயன்படுவது ‘கே’ வகை. ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் மட்டுமே இதிலிருந்து வரும். இவ்வளவு சிறிய மின்னழுத்தம் என்பதால்தான் வயரிங்கில் கவனம் தேவைப்படுகிறது. கம்பி போதவில்லை என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டி நீட்டிவிட்டால், பானட்டுக்குள் அந்த ஒட்டு இருக்கும் இடத்தின் சூட்டுக்கு ஏற்ப மீட்டர் தவறாகக் காட்டும். நீட்டுவதற்கும் கே வகைக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். இன்னொரு சிக்கல், அமெரிக்க முறைப்படி நிறமிட்ட கம்பிகளில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பென்றால் பிளஸ் என்று பழகிய கை அதை மாற்றி இணைத்துவிடும். அப்போது என்ஜின் சூடேற ஏற முள் கீழே இறங்கும்.

பொருத்தும் இடம் டர்போவுக்கு முன்னால், எல்லா சிலிண்டர்களின் வாயுவும் ஒன்றுசேரும் மேனிஃபோல்டுப் பகுதியாக இருப்பது சிறந்தது. டர்போவைத் தாண்டிய பிறகு டவுன்பைப்பில் அளந்தால், சக்கரத்தைச் சுழற்றியதில் வாயு தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்திருக்கும். பளுவில் இந்த வேறுபாடு 100 முதல் 200 டிகிரி வரை இருக்கலாம். ஆனால் அது நிலையான எண் அல்ல. பூஸ்டுக்கும் பளுவுக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பின்னால் அளந்து நூற்றைம்பதைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு நம்பத்தக்கதல்ல. முன்னால் பொருத்தினால் முனை முறிந்து டர்போவுக்குள் போய்விடுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. மலிவான முனைகளில் அந்த அச்சத்துக்கு நியாயமும் இருக்கிறது. நல்ல முனை வாங்கி முன்னால் பொருத்துவது, மலிவானதை வாங்கிப் பின்னால் பொருத்துவதைவிட மேல்.

மேனிஃபோல்டில் துளையிடும்போது இரும்புத் துகள் உள்ளே விழக் கூடாது. விழுந்தால் என்ஜின் கிளம்பிய முதல் நொடியில் அது டர்போச் சக்கரத்தின் இதழ்களைக் கடிக்கும். மேனிஃபோல்டைக் கழற்றி லேத்துப் பட்டறையில் துளையிட்டு மரை போட்டு வாங்குவதே முறை. கழற்ற முடியாத நிலையில், டிரில் பிட்டிலும் டேப்பிலும் கெட்டியாக கிரீஸ் பூசி, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து, ஒவ்வொரு முறையும் துடைத்து, கடைசியில் காந்தக் குச்சியால் துழாவி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பொறுமைசாலிகளுக்கு மட்டும் உரியது. முனை, வாயு ஓடும் பாதையின் நடுப்பகுதி வரை நீண்டிருக்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் இரும்பின் சூட்டையே காட்டும். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் மேனிஃபோல்டை வெளியிலிருந்து சுட்டு எண் சொல்வதும் இதே தவறுதான். கிடைப்பது இரும்பின் மேற்பரப்புச் சூடு, உள்ளே ஓடும் வாயுவின் சூடு அல்ல.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பல பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட) டீசல் வண்டிகளில் கம்பெனியே எக்ஸாஸ்ட் வெப்பநிலை சென்சார்களை வைத்திருக்கிறது, ஸ்கேனரை ஓ.பி.டி. சாக்கெட்டில் (வண்டியின் பழுதறியும் இணைப்பில்) செருகினால் எண்ணைப் படிக்கலாம். அந்த வண்டிகளில் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: டி.பி.எஃப். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில், பளுவே இல்லாதபோதும் அங்கே சூடு 600 டிகிரி அளவுக்குப் போகும். அது பழுதல்ல.

எண் ஏறினால் எங்கே தேடுவது?

டீசலைக் குறைப்பதற்கு முன் காற்றைச் சரிபார்க்க வேண்டும். பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் குவாரிகளுக்குப் போய்வரும் லாரிகளில் ஏர் ஃபில்டர் எவ்வளவு விரைவில் அடைபடும் என்பது ஓட்டுபவர்களுக்குத் தெரியும். அடைபட்ட ஃபில்டர், கிளிப் தளர்ந்து காற்று கசியும் இன்டர்கூலர் ஹோஸ், பூச்சியும் புழுதியும் அப்பிய இன்டர்கூலர் இதழ்கள் ஆகிய ஒவ்வொன்றும் டியூனைத் தொடாமலேயே எக்ஸாஸ்ட் சூட்டை ஏற்றும். காலநிலையும் தன் பங்குக்கு ஏற்றும். 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 20 டிகிரியில் இருப்பதைவிட ஆறு முதல் ஏழு சதவீதம் குறைவு. ஓசூர் உயரத்தில் கிருஷ்ணகிரியைவிடக் காற்றழுத்தம் இன்னும் நாலைந்து சதவீதம் குறைவு. மார்கழியில் சரிபார்த்த டியூன் சித்திரையில் வேறு எண்ணைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். போர்வெல் லாரிகளின் கம்ப்ரஸர் என்ஜின்களுக்கு நிலைமை இன்னும் கடுமை: வண்டி நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் முழுப் பளுவில் ஓடும்போது எதிர்க்காற்று கிடையாது, இறக்கத்தில் ஆறுவதற்கு வாய்ப்பும் கிடையாது. சாலையில் ஓடும் லாரியைவிட அங்கேதான் இந்த மீட்டர் அதிகம் தேவை என்றாலும், அங்கே அதைப் பொருத்துபவர்கள் குறைவு.

காற்று சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் முதலில் இன்ஜெக்டரையும், அதன் பிறகு டைமிங்கையும் (டீசல் பீய்ச்சும் நேரத்தையும்) பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் சொட்டினாலோ, டீசல் பீய்ச்சும் நேரம் தாமதமானாலோ, எரிதல் பிஸ்டன் கீழே இறங்கும்போதும் தொடர்கிறது. உழைப்பாக மாற வேண்டிய சூடு உழைக்காமலேயே மேனிஃபோல்டுக்குப் போய்விடுகிறது. டைமிங்கை முன்னுக்குத் தள்ளினால் எண் உடனே இறங்கும். டியூனர்களில் சிலர் இந்த வழியில் மீட்டரை அழகாகக் காட்டிவிடுவது உண்டு. இறங்கிய சூடு மறைந்துவிடவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தமாக மாறியிருக்கிறது. அளவுக்கு மீறி முன்தள்ளிய டைமிங்கில் எக்ஸாஸ்ட் வெப்பநிலை குறைவாகவே இருக்க, ஹெட் கேஸ்கெட் ஊதிப்போகும், கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோலில் இதே தவறு நாக்கிங்காக, அதாவது கட்டுப்பாடின்றி எரிந்து எழும் தட்டல் சத்தமாக, வெளிப்படும். எனவே குறைந்த எண் என்பது தனியாக நல்ல செய்தி அல்ல; டீசலில் பூஸ்ட் அழுத்தத்தோடும் புகையோடும், பெட்ரோலில் காற்று–எரிபொருள் விகித மீட்டரோடும் நாக் சென்சாரோடும் சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

மீட்டரைப் பொருத்தியதும் டியூனரிடம் போகாமல், கம்பெனி செட்டிங்கிலேயே சில நாள் ஓட்டி, தினமும் போகும் ஏற்றத்தில், தினமும் ஏற்றும் பளுவில் எண் எங்கே நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டியூன் செய்தால், அதே இடத்தில் எண் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கேட்க முடியும். அடிப்படை எண் கையில் இல்லாதவரிடம் டியூனர் எதையும் சொல்லலாம். அலாரம் வசதி இருந்தால் 650-இல் வைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் கணவாய் ஏறும் ஓட்டுநரின் கண் மீட்டரில் இருக்கக் கூடாது, சாலையில் இருக்க வேண்டும்.

ஏறி முடித்து சுங்கச்சாவடியை அடுத்த டீக்கடையில் நிறுத்தும்போதும் மீட்டர் உதவும். சூடான டர்போவோடு என்ஜினை உடனே அணைத்தால் பேரிங்குக்குப் போகும் ஆயில் நின்றுவிடும். அங்கே தங்கிய ஆயில் கரியாகி, அடுத்தடுத்த நாள்களில் பேரிங்கைத் தின்னும். எவ்வளவு நேரம் ஐடிலிங்கில் விட வேண்டும் என்பதற்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். மீட்டர் இருப்பவருக்கு அந்தக் குழப்பம் இல்லை: முள் 200-க்கு அருகில் இறங்கியதும் அணைத்துவிடலாம்.

இவ்வளவும் என்ஜினைப் பற்றியவை. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டியூனிங் தெரியவந்தால் கம்பெனி வாரண்டியை மறுப்பதும் வழக்கம். மீட்டரை மட்டும் பொருத்தி, டியூன் எதுவும் செய்யாமல், ஃபில்டரையும் ஹோஸையும் கியர் பழக்கத்தையும் சரிசெய்துகொண்டே வேண்டிய இழுவையைப் பெற்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் வாரண்டிக் காலம் முடியும்வரை மேனிஃபோல்டில் துளையிடாமல், ஓ.பி.டி. வழியாகப் படிக்க முடிந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.